புதுமண்டபத்துக் கணக்குகள்: ஒரு நாட்குறிப்பு

27 மார்ச் 2020, வெள்ளி

கொரோனா ஊரடங்குக்காக ரிசர்வ் வங்கி இன்று காலை அறிவித்த மூன்று மாதக் கடன் தவணை ஒத்திவைப்பைப் பற்றிக் கேட்டு மாலைக்குள் பதினோரு பேர் அழைத்துவிட்டார்கள். நான் கணக்கு எழுதிக் கொடுப்பவை எல்லாம் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி, மாசி வீதிகளுக்குள் அடங்கிவிடுகிற சிறு கடைகள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வியை: "தவணை தள்ளுபடியா சார்?" தள்ளுபடி அல்ல, தள்ளிவைப்பு என்று பதினோரு முறை சொன்னேன்.

கோயிலுக்கு எதிரே உள்ள பழைய தூண் மண்டபமான புதுமண்டபத்தில் கடை வைத்திருக்கும் தையற்காரர் மட்டும் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு, கணக்காகச் சொல்லும்படி கேட்டார். அவருக்குப் பாக்கியுள்ள கடன் 2 லட்சம், வட்டி 12 சதவீதம். மூன்று மாதம் கட்டாமல் இருந்தால் வட்டி மட்டும் 6,000 ரூபாய் ஏறும், அந்த வட்டிக்கு வட்டியாக இன்னொரு 60 ரூபாய் சேரும் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "கட்டுறதுக்கு இருந்தாத்தானே சார் யோசிக்கணும்" என்றார்.

4 மே 2020, திங்கள்

இன்று மீனாட்சி திருக்கல்யாணம். இணையத்தில் நேரலையாகப் பார்த்துக்கொண்டே வீட்டுப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். சித்திரைத் திருவிழாவில் இவ்வாண்டு நடப்பது இது ஒன்றுதான். தேரோட்டம் இல்லை, அழகர் வைகையில் இறங்கப்போவதும் இல்லை.

தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து வருத்தப்படுவதற்கும், இந்தத் திருவிழாவை நம்பி முதல் போட்டவருடைய கணக்கைப் பார்ப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுவோரும் திரி ஏந்துவோரும் அணியும் உடைகளைத் தைப்பதுதான் புதுமண்டபத்துத் தையற்காரர்களுக்கு ஆண்டின் பெரிய வரும்படி. நம் தையற்காரர் மாசி மாதமே சிவப்பு வெல்வெட்டும் சரிகையும் கடனுக்கு வாங்கி வைத்துவிட்டார். அந்தத் துணியை வேட்டி சட்டைக்குப் பயன்படுத்த முடியாது. வேறு எதற்கும் ஆகாது.

மாலையில் அவரை அழைத்து, எங்கள் தெருவுக்கு 300 முகக்கவசம் தைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். இயந்திரம் ஒன்று வீட்டில் இருக்கிறது என்றார். ஒன்று 20 ரூபாய் என்றதும் பழக்கதோஷத்தில் "15 ரூபாய்க்குத் தரக்கூடாதா?" என்று கேட்டுவிட்டேன். அவரும் உடனே சரி என்றார். அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டதுதான் உறுத்தியது. இரவு மறுபடி அழைத்து 20 ரூபாயே இருக்கட்டும் என்று சொல்லி, 6,000 ரூபாயையும் முன்பணமாக அனுப்பினேன்.

12 மே 2020, செவ்வாய்

நேற்றிலிருந்து தேநீர்க் கடைகள் பார்சலுக்கு மட்டும் திறக்கலாம் என்று உத்தரவு. முக்குக் கடையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்தில் நிற்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் தேநீர் கைக்கு வந்ததும் வட்டம் மறந்து, முகக்கவசம் தாடைக்கு இறங்கி, கூட்டமாக நின்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். கொதிக்கிற தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டித் தருவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நான் தூக்குவாளி கொண்டு போனேன். கடைக்காரர் அதைத் தொடாமல், மேலேயிருந்தே ஊற்றினார். பணத்தை ஒரு தட்டில் போடச் சொன்னார். தூக்குவாளி கொண்டு வருவோருக்கு அளவு தாராளமாக இருக்கிறது என்பதை அக்கம்பக்கத்தில் பரப்பிவிட்டேன். அறிவுரையைக் காட்டிலும் இது வேலை செய்யும்.

19 ஜூன் 2020, வெள்ளி

துணி முகக்கவசம் மூன்றடுக்காக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இம்மாதம் 5ஆம் தேதி சொல்லியிருக்கிறது. மே மாதம் தைத்து வாங்கியவை இரண்டடுக்கு. எனவே இன்னொரு 300 சொல்லியிருந்தேன். சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு தொடங்கிவிட்டது. மதுரைக்கும் வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். அதற்குள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று தையற்காரரை இரண்டு முறை அவசரப்படுத்தினேன்.

24 ஜூன் 2020, புதன்

நள்ளிரவு முதல் மதுரையில் முழு ஊரடங்கு. முகக்கவசங்கள் நேற்று மாலையே வந்துவிட்டன. தையற்காரரே சைக்கிளில் கொண்டுவந்து, வாசற்படியில் மூட்டையை வைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்று பேசினார். குரல் கம்மியிருந்தது. தூசி என்றார்.

28 ஜூன் 2020, ஞாயிறு

தூசி அல்ல. திங்கட்கிழமையே காய்ச்சல் தொடங்கியிருக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு தைத்து முடித்திருக்கிறார். நேற்று மாநகராட்சியின் காய்ச்சல் முகாமுக்குப் போய்ச் சளி மாதிரி கொடுத்தார். இன்று தொற்று உறுதியாகி, கவனிப்பு மையத்துக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள்.

மூட்டையைப் பிரிக்காமல் வெயிலில் வைத்திருந்தோம்; துவைத்துக் காயவைத்த பிறகே தெருவுக்குக் கொடுப்போம். அது பெரிய விஷயமில்லை. காய்ச்சலோடு ஒரு மனிதர் ஊசி கோத்துக்கொண்டிருந்ததற்கு என் அவசரம் ஒரு காரணம் என்பதைத்தான் இங்கே எழுதி வைக்க வேண்டும். சிறு கடையில் வாங்குங்கள், அவர்களை வாழவையுங்கள் என்று இரண்டு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் உடம்பு சரியில்லாத அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டுப் படுப்பதற்குத் துணிவு தராத வியாபாரத்தை நாம் எவ்வளவு கொடுத்தாலும், அது அவருக்கும் ஆபத்து, வாங்குகிற நமக்கும் ஆபத்து. மாதச் சம்பளக்காரனுக்கு மருத்துவ விடுப்பு உண்டு. அவருக்கு அந்த விடுப்பை யார் தருவது?

தீபாவளிக்கு எங்கள் தெருவில் தைக்கப்போகும் சட்டைகளுக்கு இப்போதே கூலி வாங்கித் தருவது என்று நான்கு வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டோம். நிபந்தனை ஒன்றே ஒன்று: அவராக வந்து ஆரம்பிக்கிறேன் என்று சொல்லும் வரை யாரும் துணி கொடுக்கக் கூடாது.

5 ஜூலை 2020, ஞாயிறு

ஊரடங்கு 12ஆம் தேதி வரை நீள்கிறது. அவர் வெள்ளிக்கிழமை வீடு திரும்பினார். இன்னும் ஏழு நாள் வீட்டுக்குள் தனித்திருக்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில் தனிமை என்றால் என்ன பொருள்? அவர் அறையில், மனைவியும் மகளும் திண்ணையில்.

இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் ஒன்றைத் தெருவுக்குப் பொதுவாக வாங்கியிருந்தோம்; அது இப்போது அவர்கள் வீட்டில் இருக்கிறது. காலையும் மாலையும் ஓய்வாக உட்கார்ந்து ஒரு முறை, ஆறு நிமிடம் நடந்த பின் ஒரு முறை பார்த்து, எண்ணைத் தொலைபேசியில் சொல்கிறார்கள். 94க்குக் கீழே இறங்கினால் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் பேச வேண்டும். முதல் நாள் மனைவிக்கு 91 என்று காட்டியதும் எனக்குக் கை நடுங்கியது. நகர்ப்புறச் செவிலியரை அழைத்தால் அவர் பதறாமல், நகத்தில் மருதாணி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. மருதாணி படாத கட்டைவிரலில் வைத்துப் பார்த்தபோது 98.

21 ஜூலை 2020, செவ்வாய்

கோயில் வாசலில் பூக்கட்டும் அக்காவுக்கு மத்திய அரசின் பிஎம் ஸ்வநிதி கடனுக்கு விண்ணப்பம் எழுதினேன். தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய், ஓராண்டில் திருப்பிக் கட்ட வேண்டும், ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியம். "கோயிலே திறக்கலையே, பத்தாயிரத்துக்குப் பூ வாங்கி யாருக்கு விக்க?" என்று கேட்டார். பதில் தெரியாமலே படிவத்தை நிரப்பினேன்.

6 நவம்பர் 2020, வெள்ளி

தவணை ஒத்திவைப்பு ஆறு மாதமாக நீண்டதல்லவா, அந்தக் காலத்து வட்டிக்கு வட்டியை அரசு திருப்பித் தந்திருக்கிறது. தையற்காரரின் 2 லட்சத்துக்குக் கூட்டு வட்டி 12,304 ரூபாய், தனி வட்டி 12,000. வரவு வைக்கப்பட்டது 304 ரூபாய். 12,000 அவர் கணக்கிலேயே நிற்கிறது.

சட்டைகளை வாங்கப் போயிருந்தேன். முகக்கவசத்தோடுதான் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தார். மாடிப்படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறதாம், அதனால் மதியத்துக்கு மேல் தைப்பதில்லை. மேல் தட்டில் அந்துருண்டை வாசத்தோடு சிவப்பு வெல்வெட் பொதி அப்படியே இருந்தது. "அடுத்த சித்திரைக்கு வெட்டிடலாமா சார்?" என்று கேட்டார். தை பிறக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவர் பொதியை இறக்கி ஒரு முனையைப் பிரித்துக் காட்டினார். தையல் சுண்ணக்கட்டியால் ஏற்கெனவே கோடு போட்டிருந்தது.