கைதட்டினால் வாஷிங் மெஷின்

தம்பி இந்த மாதமும் டிஷ்ஷுக்கு ரீசார்ஜ் பண்ண மறந்துவிட்டான். நேற்று மத்தியானம் சீரியல் இல்லாமல் பெரியம்மா ஹாலில் நடந்த நடையில் மொசைக் தேய்ந்தே போயிருக்கும். சின்னவள்தான் பரிதாபப்பட்டு, யூடியூபில் ஏதோ கறுப்பு வெள்ளை அமெரிக்க நிகழ்ச்சியைப் போட்டுவிட்டாள். பேர் ‘குயின் ஃபார் எ டே’.

நாலைந்து பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குச் சக்கர நாற்காலி, வீட்டுக்கு வாஷிங் மெஷின் என்று வேண்டியதைக் கேட்க வேண்டும். கடைசியில் ஜாக் பெய்லி என்கிற மீசைக்காரர் ஒவ்வொருத்தி தலைக்கு மேலும் கையைப் பிடிப்பார். எதிரே இருக்கிறவர்கள் கைதட்டுவார்கள். திரையில் ஒரு மீட்டர். முள் யாருக்கு அதிகம் ஏறுகிறதோ அவள் ராணி. கிரீடம், வெல்வெட் அங்கி, கை நிறைய ரோஜாப்பூ, கேட்டது, கேட்காதது எல்லாம் கிடைக்கும். 1945-ல் ரேடியோவில் ஆரம்பித்ததை 1956-ல் என்.பி.சி. டி.வி. நாடு முழுக்கப் பகலில் காட்டியது. விளம்பரம் குவிந்ததில் அரை மணி நிகழ்ச்சி முக்கால் மணி ஆனதாம். ஆகாதா பின்னே? சோப்பு விற்கிறவனுக்கு அழுகிற பொம்பளையை விட்டால் வேறு யார்?

பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதெல்லாம் ஒரு தடையா? சின்னவள் தமிழில் சொல்வதற்குள் “இவளுக்குப் புருஷன் சரியில்லை” என்று தீர்ப்பே வந்துவிட்டது. அவருக்குப் பிடித்தவள் தோற்றதும், “அந்த முள்ளை எவன்டி பிடிச்சு ஆட்டறான்?” என்று டி.வி.யோடு சண்டை.

சத்தம் கேட்டு மாடி வீட்டு அக்கா வந்தார். எதிர் வீட்டு மாமி வந்தார். வடகத்துக்குக் காவல் இருந்த அம்மாவும் வந்தாயிற்று. சின்னவள் சும்மா இருப்பாளா? செல்லில் சத்தம் அளக்கிற ஆப் ஒன்றை இறக்கி, “நம்ம வீட்டுக்கும் ஒரு ராணி வேணும்” என்று எல்லாரையும் உட்கார வைத்துவிட்டாள்.

அக்கா மூட்டுவலியில் ஆரம்பித்தார். “இதெல்லாம் ஒரு வலியா?” என்று மாமி தன் முதுகுத்தண்டை எடுத்தார். அம்மா நடுவில் புகுந்து, அடகுக்குப் போய்த் திரும்பாத வளையலைக் கொண்டு வந்தார். அமெரிக்காவிலாவது ஒருத்தி முடிக்கும் வரை அடுத்தவள் காத்திருந்தாள். நம் பக்கம் அடுத்தவர் கஷ்டத்துக்கு யார் கைதட்டுகிறார்கள்? அதைவிடப் பெரிதாக ஒன்றை எடுத்து மேலே வைத்தால்தான் ஆறுதல் சொன்னதாக அர்த்தம். ஆப்பில் முள் ஏறிக்கொண்டே இருந்தது, யாருக்கென்றுதான் தெரியவில்லை. அப்புறம் சுண்டல் வைத்திருந்த குக்கர் விசிலடித்ததில் முள் கடைசிக் கோட்டைத் தொட்டது. நியாயமாகக் கிரீடம் அதற்குத்தான்.

பெரியம்மா மட்டும் வாயே திறக்கவில்லை. பெரியப்பா வைத்துவிட்டுப் போன கடன் கதையை எடுத்தால் ராத்திரி டிபனுக்குத்தான் நிறுத்துகிறவர்!

“உனக்கு என்ன வேணும் பாட்டி?”

“எனக்கென்னடி. ஆமா, தோத்தவளுங்க என்ன ஆனாளுங்க?”

“சின்னதா ஏதாவது பரிசு குடுத்து அனுப்புவாங்களாம்.”

“அதில்லைடி. வீட்டு விஷயத்தை ஊருக்கே சொல்லிட்டு ஒண்ணுமில்லாமப் போய் நிக்கிறாளே, மாமியார்க்காரி அவளுக்கு அன்னைக்குச் சோறு போட்டிருப்பாளா?”

“அந்த மாமியாரே இப்ப இருக்க மாட்டாங்க பாட்டி.”

“இருந்தா என்ன, போனா என்ன. மாமியார்னா எல்லாம் ஒண்ணுதான்.”

எதிர் வீட்டு மாமி போன தையில்தான் மருமகள் எடுத்தவர். சுண்டலைத் தொடாமலே கிளம்பிவிட்டார்.