விசா எப்ப முடியுது?

பெண் வீட்டோடு போய் இருக்கும் மாப்பிள்ளையை எங்கள் தூத்துக்குடிப் பக்கம் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். மட்டக்களப்பில் அதுதான் வழக்கமே. வீடு மகளுக்கு, மருமகன் வந்து சேர்ந்துகொள்வான். கட்டாரில் வேலை பார்த்தபோது பழகிக் கல்யாணம் முடித்து, இப்போது தாண்டவன்வெளியில் மனைவி வீட்டில் இருக்கிறேன். மீனும் உப்புக்காற்றும் ஞாயிறு பூசையும் ஊரில் உள்ளதுதான், அதெல்லாம் சீக்கிரம் பழகிவிட்டது. பழகாதவர் மனைவியின் பெரியப்பா.

பின்னேரமானால் வந்துவிடுவார். விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு, ஃபோனில் செய்தியைத் தெருவுக்கே கேட்கும்படி வைப்பார். பல்லிடுக்கில் சிக்கிய பாக்கை நாக்கால் 'ச்சிக், ச்சிக்' என்று நோண்டிக்கொண்டே, "மனே, விசா எப்ப முடியுது?" போன கிழமை சொன்ன பதிலையே சொன்னால், "மறுகா என்ன செய்யப் போறீங்க?"

கனிவான மறுமொழி சினத்தை ஆற்றும் என்கிறது பைபிளின் நீதிமொழிகள் நூல். சரி, ஆனால் மனிதர் சந்தோஷமாக அல்லவா கேட்கிறார்! சினம் எனக்குத்தான். கோபப்படத் தாமதியுங்கள் என்கிறார் யாக்கோபு. தாமதித்தால் அடுத்த கேள்வி வந்துவிடும்.

எனக்குக் கைகொடுத்தவர் சிறுமலர் தெரேசாள். 15 வயதில் பிரான்சின் லிசியே கார்மேல் கன்னியர் மடத்தில் சேர்ந்து, 1897இல் 24 வயதில் காசநோயில் இறந்தவர். படங்களில் ரோஜாப்பூவோடு சாதுவாக நிற்பார். மடத்துக்குள் பட்டபாடு வேறு. செப நேரத்தில் பின்னால் இருந்த சகோதரி ஓயாமல் ஏதோ சத்தம் எழுப்புவாராம். திரும்பி முறைக்காமல் அடக்கியதில் இவருக்கு வியர்த்தே போகும். கடைசியில் அதையே நல்ல சங்கீதமாக நினைத்துக் காதுகொடுத்தார். அறவே பிடிக்காத இன்னொரு சகோதரியிடம் இவர் சிரித்துச் சிரித்துப் பேசப்போய், 'என்னிடம் உனக்கு அப்படி என்ன பிடித்திருக்கிறது?' என்று அவரே கேட்டுவிட்டாராம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: தாங்கவே முடியாதபோது தெரேசாள் அந்த இடத்தை விட்டு ஓடியும் இருக்கிறார். புனிதைக்கே ஓட்டம் உண்டென்றால் எனக்கென்ன!

பாக்குச் சத்தத்தில் சங்கீதம் கேட்கும் அளவுக்கு நான் இன்னும் வளரவில்லை. ஃபோன் அலறத் தொடங்கினால் அவருக்காக மனசுக்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்வேன். அப்புறம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, விசாக் கதையை முதலிலிருந்து சொல்வேன். பாசம் வந்துவிட்டதா என்றால், இல்லை. வெறுப்பவர்களுக்கு நன்மை செய்யுங்கள், அவர்களுக்காகச் செபியுங்கள் என்றுதான் இயேசு சொன்னார், ரசிக்கச் சொல்லவில்லையே. இவர் பாவம், வெறுப்பவர்கூட இல்லை.

அதுவும் முடியாத நாளில், "தயிர் வாங்கிட்டு வாறன் மாமி" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லடிப் பாலம் பக்கம் கிளம்பிவிடுவேன்.

"மனே, வரக்குள்ள எனக்கும் ஒரு சட்டி!"