ஆர்.சி. கார் டயருக்குள் பாலாற்று மணல்

காட்பாடிப் பாலத்துக்குக் கீழே பாலாறு வருஷத்தில் பெரும்பாலும் மணல் மைதானம்தான். 2021 நவம்பரில் வந்த வெள்ளம் மாதிரி எப்போதாவது வந்தால் உண்டு. மற்றபடி, லாரிகள் அள்ளியது போக மிஞ்சியிருக்கும் மணலே எங்களைப் போன்ற ஆர்.சி. கார் (ரிமோட்டில் ஓட்டுகிற சின்னக் கார்) கிறுக்கர்களுக்குத் தாராளம். தொந்தரவு ஒன்றுதான். ஓட்டி முடித்துச் சக்கரத்தைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே சலசலவென்று கேட்கும். சமையல் தராசில் வைத்தால் காலையில் இருந்த எடை மாலையில் இருக்காது, கூடியிருக்கும். அதுவும் நான்கு சக்கரத்திலும் ஒரே அளவாகக் கூடாது.

என்னுடையது நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஷார்ட் கோர்ஸ் டிரக், மேடு பள்ளத்தில் குதித்து ஓடுகிற ரகம். இதன் டயர்களுக்குக் காற்று அடிப்பதில்லை. உள்ளே ஸ்பாஞ்ச் வளையம் ஒன்று இருக்கும், டயரின் இரண்டு ஓரங்களையும் ரிம்மோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். ரிம்மில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். வண்டி குதித்து இறங்கும்போது டயர் நசுங்க வேண்டும், அதற்கு உள்ளிருக்கும் காற்று வெளியே போக வேண்டும். அதற்குத்தான் அந்த ஓட்டை. மணல் நுழைவதும் அதே வழியில்தான்.

நுழைந்தது ஏன் திரும்பி வருவதில்லை என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. டயரின் விட்டம் சுமார் 110 மில்லிமீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2400 சுற்று சுற்றும். அந்தச் சுழற்சியில் டயரின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மணல் தன் எடையைப்போல் 300 மடங்குக்கு மேல் வெளிப்பக்கமாக அழுத்தும். 5 கிராம் மணல் ஒரே இடத்தில் குவிந்தால் ஒன்றரைக் கிலோ இழுப்பு சக்கரத்தோடு சுற்றி வருகிறது என்று அர்த்தம். வண்டி உதறாமல் என்ன செய்யும்?

இனி ரிம்மின் பின்பக்கத்தைப் பாருங்கள். கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். முன் சக்கரம் வாரி எறிகிற மணல் அந்தக் குழிக்குள் விழும். சக்கரம் சுற்றும்போது அது ரிம்மின் சுவரை நோக்கித் தள்ளப்படும், வழியில் ஓட்டை இருந்தால் டயருக்குள் போய்விடும். உள்ளே போனதும் அதே சுழற்சி அதை டயரின் தரைப்பக்கத்தில் அழுத்தி வைத்துக்கொள்ளும். ஆக, கம்பெனி போட்ட ஓட்டை மணலுக்கு ஒருவழிப் பாதை.

முதலில் எல்லா ஓட்டையையும் மூடிப் பார்த்தேன். மணல் வரவில்லை, உண்மைதான். ஆனால் காற்று போக வழியில்லாததால் ஒவ்வொரு குதிப்பிலும் வண்டி பந்தாகத் துள்ளியது. வேலூர் வெயில் வேறு. 30 டிகிரியில் அடைபட்ட காற்று 60 டிகிரி மணலில் கிடந்தால் அதன் அழுத்தம் பத்து சதவீதம் ஏறும். அழுத்தம் ஏறின டயரை மேட்டிலிருந்து இறக்கினால் பசை எங்கே பலவீனமோ அங்கே ஓரம் பிய்த்துக்கொள்ளும். அப்புறம் மணலுக்குச் சின்ன ஓட்டை எதற்கு, பெரிய வாசலே திறந்துவிடும்.

அடுத்தது வலை. செருப்புக்கு உள்பக்கம் வைக்கிற நைலான் வலைத்துணியை ஓட்டையின்மேல் ஒட்டினேன். காற்று போகும், பருமணல் நின்றுவிடும். ஆற்று நடுவில் இது நன்றாகவே வேலை செய்தது. கரையோர வண்டல் மாவு மட்டும் வலையைச் சட்டை செய்யாமல் உள்ளே போனது. மணலில் மட்டும் ஓட்டுகிறவருக்கு இதுவே போதும் என்பேன்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: ரிம் ஓட்டையை மூடிவிட்டு, டயரின் தரைப்பக்கத்தில் ஓட்டை போடுவது. காற்று அந்த வழியாகப் போய் வரும். மெதுவாக ஓட்டும்போது கொஞ்சம் மணல் உள்ளே வரத்தான் செய்யும். ஆனால் வேகம் எடுத்ததும் முன்பு உள்ளே அழுத்தி வைத்த அதே விசை இப்போது வெளியே தள்ளிவிடுகிறது. தண்ணீர் புகுந்தாலும் அப்படியே.

இந்த வேலைக்கு நம் பக்கத்தைவிட வசதியான ஊர் இருக்காது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாமே தோலும் செருப்புமாகப் பிழைக்கிற ஊர்கள். ஆன்லைனில் 'ஹாபி டூல்' என்று யானை விலை சொல்கிற, ஓட்டை போடுகிற பஞ்ச், ஆம்பூரில் செருப்புச் சாமான் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. கடைக்கார பாய் சக்கரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டயர்ல ஓட்டைய அடைக்கத்தான் தம்பி எல்லாரும் வருவாங்க, நீ போட வந்திருக்கே" என்று சிரித்துவிட்டு 3 மில்லிமீட்டர் பஞ்ச் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கூடவே ரிம் ஓட்டையை மூடக் கொஞ்சம் தோல் துண்டும், அதை ஒட்டச் சொல்யூஷன் டப்பாவும் வாங்கினேன்.

புது டயர் என்றால் ஒட்டுவதற்கு முன்பே பஞ்ச் அடித்துவிட வேண்டும். அடியில் மரக்கட்டை வைத்து, டயரில் துருத்திக்கொண்டிருக்கும் பட்டன்களுக்கு இடையில் உள்ள பள்ளத்தில், எதிரெதிராக இரண்டு ஓட்டை. எதிரெதிராக இருந்தால்தான் எடை ஒரு பக்கம் சாயாது. ஏற்கெனவே ஒட்டின டயரைக் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் பசை இளகும், ஓரத்தை மெதுவாக உரிக்கலாம். அசிட்டோனில் ஊற வைப்பவர்களும் உண்டு. நைலான் ரிம் அதைத் தாங்கும், வேறு சில பிளாஸ்டிக் கரைந்துவிடும், ரிம் எதில் செய்தது என்று தெரியாவிட்டால் சுடுதண்ணீரே உத்தமம்.

ரிம் ஓட்டையை மூடும் தோல் துண்டை எந்தப் பக்கம் ஒட்டுவது என்பது முக்கியம். டயர் இருக்கும் பக்கம் ஒட்டினால் சுழற்சி அதைப் பிடுங்கப் பார்க்கும். அச்சு இருக்கும் பக்கம், அதாவது அந்தக் கிண்ணத்துக்குள் ஒட்டினால் சுழற்சியே அதை ரிம்மோடு சேர்த்து அழுத்தும். நைலானில் எதுவும் லேசில் ஒட்டாது. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அப்புறம்தான் அழுத்த வேண்டும். எலெக்ட்ரிகல் டேப் வேண்டாம், சூட்டில் வழுக்கிக்கொண்டு போகும்.

டயர் ஓரத்துக்கு ஃபெவிக்விக். புது ரப்பரில் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும், சோப்பு போட்டுக் கழுவாமல் ஒட்டினால் நிற்காது. பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி டயரைச் சுற்றிப் போட்டால் ஓரம் ரிம்மை இறுகப் பிடித்துக்கொள்ளும். பசையைச் சொட்டு சொட்டாக விட்டால் அதுவே இடுக்கில் ஓடிவிடும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், ஆவி கண்ணைப் பிடுங்கும்.

சோதனை பஞ்சர் கடை முறைதான். தரைப்பக்க ஓட்டைகளை விரலால் அடைத்துக்கொண்டு பக்கெட் தண்ணீரில் முக்கி அமுக்க வேண்டும். குமிழி ஓரத்திலிருந்து வந்தால் அங்கே பசை போதவில்லை. தோல் துண்டிலிருந்து வந்தால் திரும்பவும் உப்புத்தாள்.

இதில் குறை இல்லாமல் இல்லை. மழைக்குப் பிறகு சதுப்பேரிக் கரையில் ஓட்டினால் களிமண் அந்த ஓட்டைகளை அடைத்துவிடும், கோணி ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். சீமைக்கருவேல முள் தன் பங்குக்கு வேண்டாத இடத்தில் ஓட்டை போடும். காற்றில்லாத டயர் என்பதால் வண்டி நிற்காது, ஓரத்துப் பக்கச் சுவரில் குத்தினால் மட்டும் பசை வைத்து அடைக்கிறேன். பேரிங்குக்குள் போகிற மணலுக்கு இந்த வைத்தியம் எதுவும் உதவாது, அதற்கு ரப்பர் மூடி போட்ட பேரிங்தான்.

இப்போது பின் சக்கரங்களில் சலசலப்பு அநேகமாக நின்றுவிட்டது. முன் சக்கரங்களில் ஸ்பாஞ்சுக்குள் பழைய வண்டல் இறங்கி உட்கார்ந்திருக்கிறது, எத்தனை கழுவினாலும் முழுதாக வரவில்லை. தண்ணீரும் மணலும் குடிக்காத மெத்தென்ற ஈவிஏ ஷீட்டை (செருப்புக்குப் போடுகிற நுரை ஷீட்) வளையமாக வெட்டி ஸ்பாஞ்சுக்குப் பதிலாக வைத்துப் பார்க்கலாம் என்று அதே பாயிடம் சொல்லி வைத்திருக்கிறேன். செருப்பு அடிப்பாகத்துக்கு வருவது கெட்டியாக இருக்கிறது, மெலிசான ரகம் வந்ததும் போன் பண்ணுகிறேன் என்றார்.