12:44 மணியில் நின்ற பேட்ஜ்

நியூஜெர்சியில் ஒரு பழைய சாமான் சந்தையில் பிஸ்கட் டின் ஒன்றை அப்படியே வாங்கி வந்தேன். உள்ளே சட்டையில் குத்திக்கொள்ளும் அமெரிக்க பேட்ஜுகள், மொத்தம் பதினொன்று. மூன்று வாரமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இதே வேலை.

முதல் வாரம் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீண். பேட்ஜின் ஜாதகம் முதுகில்தான் இருக்கிறது. நாலைந்து பேட்ஜுகளின் பின்குழிவில் வட்டக் காகிதம் ஒட்டியிருந்தது. லென்ஸ் வைத்துப் படித்தால் 'ஒயிட்ஹெட் அண்ட் ஹோக், நியூவார்க்' என்று கம்பெனிப் பெயர், கீழே காப்புரிமைத் தேதிகள். கடைசித் தேதி 1896 ஜூலை 21. அச்சடித்த காகிதத்தின் மேல் செல்லுலாய்டு என்ற அந்தக்கால பிளாஸ்டிக் தாள் வைத்து, தகர வில்லையில் இறுக்கி, பின்னால் வளையம் போட்டு அதற்குள் கம்பி ஊசியைச் செருகும் முறை அந்த வருடம்தான் சூடுபிடித்தது. மெக்கின்லியும் பிரையனும் மோதிய அதிபர் தேர்தல் வருடம் அது. ஆனால் தேதியைப் பார்த்து 1896 பேட்ஜ் என்று குதிக்கக் கூடாது. அதே காகிதத்தைப் பல வருடம் ஒட்டியிருக்கிறார்கள்.

என்னை அலைக்கழித்தது ஒரு கடிகார பேட்ஜ். வெறும் கடிகார முகம், முள்கள் 12:44 மணியில். ஏதோ கடிகாரக் கடை விளம்பரம் என்று ஓரமாக வைத்துவிட்டேன். ஒருநாள் பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது: ஒன்று அடிக்க இன்னும் 16 நிமிடம். ஆங்கிலத்தில் 'சிக்ஸ்டீன் டு ஒன்'! பிரையன் கட்சியின் கோஷமே அதுதான். ஒரு பங்கு தங்கத்துக்குப் பதினாறு பங்கு வெள்ளி என்ற விகிதத்தில், வெள்ளியையும் தடையில்லாமல் நாணயமாக அடிக்க வேண்டும் என்றார்கள். பணப்புழக்கம் பெருகினால் கடனில் தவித்த விவசாயிகளுக்கு மூச்சு விட முடியும் என்பது கணக்கு. தங்கத்தின் பக்கம் நின்ற மெக்கின்லிதான் ஜெயித்தார். ஒரு எழுத்துகூட இல்லாமல் பொருளாதாரக் கொள்கையைச் சட்டையில் குத்தி அனுப்பியவனை மெச்சத்தான் வேண்டும்.

சறுக்கலும் உண்டு. அழுக்காக இருந்த ஒன்றை ஈரத்துணியால் துடைத்தேன். விளிம்பு வழியே தண்ணீர் உள்ளே இறங்கி, இரண்டே நாளில் காகிதத்தில் பழுப்புக் கறை. இனி காய்ந்த துணி மட்டும்தான்.

டின்னிலேயே பளபளப்பான மெக்கின்லி பேட்ஜைத்தான் பொக்கிஷம் என்று நினைத்திருந்தேன். செல்லுலாய்டே இல்லை, நேராகத் தகரத்தில் அச்சு. மெக்கின்லி 1901-லேயே கொல்லப்பட்டுவிட்டார். தகர அச்சு பேட்ஜுகள் பரவியது அதற்கு வெகுகாலம் கழித்து. சந்தேகம் வந்து மடிப்போரத்தைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 'ஏ-ஓ-1972'. அமெரிக்கன் ஆயில் கம்பெனி 1972-இல் வெளியிட்ட நகல் வரிசையில் ஒன்று!

சரி, அதை என் தோள்பையில் குத்திக்கொண்டேன். மழையில் நனைந்தாலும் கவலையில்லை. கடிகாரம் மட்டும் பஞ்சு வைத்த டப்பாவில்.