மேற்கெல்லையில் ஒரு பூட்டி

ஒரு மாதமாக எங்கள் வீட்டில் வெள்ளைக்காரர்களின் பூட்டன் பூட்டிகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். ராத்திரிக் கஞ்சி குடித்து முடித்ததும் அத்தைக்கு யூடியூப் வேண்டும். அப்பாவின் அக்கா, வயது 84. ஆங்கிலம் தெரியாது, நான்தான் பக்கத்திலிருந்து சொல்லணும்.

பிபிசி 2004-ல் தொடங்கிய 'ஹூ டூ யூ திங்க் யூ ஆர்?' தான் அவளுக்குப் பிடித்தது. பிரபலமான ஒருவர் தன் முன்னோரைத் தேடி ஆவணக் காப்பகத்துக்குப் போவார், அங்கே பழைய பதிவேட்டைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்கள். அரசியல்வாதிகளைக் கேள்வியாலேயே வறுத்தெடுத்துவந்த டிவிக்காரர் ஜெரமி பாக்ஸ்மன், தன் பூட்டிக்குக் கிடைத்துவந்த ஏழைகள் உதவிப்பணத்தை நிறுத்திவிட்டார்கள் என்று படித்ததும் அழுதுவிடுகிறார். அத்தையும் முந்தானையைத் தேடினாள். "எனக்கு ஒண்ணும் சொல்லாண்டாம் மக்கா, மூஞ்சியிலேயே தெரியுது."

அமெரிக்காவில் பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் 2012 முதல் நடத்திவரும் 'ஃபைண்டிங் யுவர் ரூட்ஸ்' வேறு மாதிரி. அதில் கறுப்பின விருந்தாளிகளின் தேடல் 1870-ல் போய் முட்டும். அடிமைத்தனம் ஒழிந்தபின் எல்லாருக்கும் பேர் எழுதிய முதல் மக்கள்தொகைக் கணக்கு அந்த வருஷத்தது. 1850, 1860 கணக்குகளில் முதலாளியின் பேருக்குக் கீழே அடிமைகளின் வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். இதைச் சொன்னதும் அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்ம பெட்டியில என்ன கெடக்குன்னு பாத்தியாடே?" என்றாள்.

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கடையில் கணக்கெழுதுகிறவன் நான். ஷீட்டின் எடை ஒரு கிலோ குறைந்தால் ராத்திரி தூக்கம் வராது. ஆனால் பரணில் கிடந்த தகரப்பெட்டியை இருபது வருஷமாகத் திறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை இறக்கினோம். பாச்சா உருண்டை வாசத்தோடு மூன்று ஆதாரங்கள், அதாவது நிலப் பத்திரங்கள். மடிப்பு மடிப்பாய் இற்றுப்போன தாள், எல்லாம் மலையாளம். 1956 நவம்பர் 1 வரை எங்கள் குமரி மாவட்டம் திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும்தானே இருந்தது. பாட்டா எழுதிக் கையெழுத்துப் போட்டதைப் பேரனால் படிக்க முடியவில்லை.

களியக்காவிளைப் பக்கம் ஓய்வுபெற்ற மலையாள ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். டிவியில் இந்த வேலைக்கு முனைவர்கள் வருவார்கள். எங்கள் சார் லுங்கியோடு திண்ணையில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாய் நகர்ந்தார். ஒரு வரிக்குப் பத்து நிமிஷம். டிவியில் இந்தப் பத்து நிமிஷத்தைக் காட்டவே மாட்டார்கள்.

முதல் ஆதாரம் 1096 மகரம். கொல்லம் ஆண்டு, அதாவது 1921-ன் தொடக்கம். பூட்டன் விளையை, அதாவது தோட்ட நிலத்தை, ஒற்றி வைத்திருக்கிறார். தொகை அந்தக் காலத் திருவிதாங்கூர் நாணயங்களான பணத்திலும் சக்கரத்திலும். "இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூவா" என்று சார் விரல்விட்டார். ஒற்றி எதற்கு என்று தாளில் இல்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் ஒருத்தர் பேரும் இல்லை. எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர், சாட்சி, எல்லாம் ஆண்கள். காலையிலிருந்து உட்கார்ந்து இதுதானா என்று இருந்தது.

அப்புறம் மூன்றாவது தாள். அது எங்களுடையதே இல்லை, பக்கத்து விளைக்காரருடையது. எப்படி எங்கள் பெட்டிக்குள் வந்ததோ! சார் நாலெல்லை படித்தார். கிழக்கே தோடு (ஓடை), தெற்கே வரப்பு. மேற்கே என்று தொடங்கியவர் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்தார். "ஒரு பொம்பளை பேரு வருதே. இன்ன ஆள் பெண்ஜாதி இன்னார் இருந்து அனுபவிக்கும் புரையிடம்."

புரையிடம் என்றால் வீட்டு மனை. இன்ன ஆள் எங்கள் பூட்டன். படித்த தன் வீட்டுத் தாளில் இல்லாத பூட்டி, அடுத்தவர் நிலத்துக்கு மேற்கெல்லையாய் நிற்கிறாள். அங்கே ஒருத்தி குடியிருந்ததைச் சொல்லாமல் அந்த நிலத்தை அளக்க முடியாது போலிருக்கிறது. நான் ஆவணக் காப்பகத்தில் நிற்கிற நடிகன் மாதிரி பேச்சின்றி உட்கார்ந்திருந்தேன். சார் வீட்டு அம்மா கட்டஞ்சாயா கொண்டுவந்து வைத்தார்.

வீட்டுக்கு ஓடிவந்து அத்தையிடம் பேரைச் சொன்னேன். (பேரை இங்கே போடக்கூடாது என்பது அவள் உத்தரவு.) ஒரு பாராட்டை எதிர்பார்த்தேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்:

"அது உங்க பூட்டி இல்லடே. அவளுக்க தங்கச்சி. மூத்தவ பேறுகாலத்துல செத்த பொறவு, இவளைக் கெட்டினாரு. எங்க அப்பா மூத்தவளுக்க பிள்ளை. ஆனா வளத்தது இவதான்."

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"நீ கேட்டியா?"

மூத்தவள் பேர் அத்தைக்கும் தெரியாது. இரண்டாவது ஆதாரம் இன்னும் படிக்காமல் இருக்கிறது. வரும் சனிக்கிழமை சாரிடம் போகும்போது தானும் வருவதாக அத்தை சொல்லியிருக்கிறாள். ஆட்டோவுக்குச் சொல்லி வைத்துவிட்டேன்.