இரண்டரை மணி நேரம் குறைவு!

வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி விமானம் ஓட்டும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் எடுக்கப் போகிறவர்கள் மேகத்துக்குப் பயப்படுவார்கள். என்னைக் கவிழ்த்தது கூட்டல் கணக்கு.

தேர்வு நாளன்று தேர்வாளர் விமானத்தின் பக்கமே திரும்பவில்லை. பறந்த நேரத்தை எழுதி வைக்கும் லாக்புக்கை விரித்து, "இந்த 23 மணி நேரம் எதில் பறந்தது?" என்றார். "சிமுலேட்டரில்" என்றேன். "எந்தச் சிமுலேட்டர்?" அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பள்ளியில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து பழகுவோமே, அதை எல்லோரும் சிமுலேட்டர் என்றுதான் சொல்வோம். சான்றிதழில் அது வெறும் பயிற்சிச் சாதனம். கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்த நேரம் மொத்தம் 40 மணி வேண்டும். அதில் தரையில் பழகியது 20 மணிக்கு மேல் செல்லாது. முழுமையான ஃபிளைட் சிமுலேட்டராக இருந்தால்தான் 30. விமானத்தில் எனக்கு இருந்தது பதினேழரை. 40.5 என்று நிமிர்ந்து போனவன் 37.5 என்று திரும்பினேன். "எல்லாம் கணக்கில் வந்துவிடும்" என்று இரண்டு முறை உறுதி சொன்ன பள்ளி அலுவலர் அன்று விடுப்பு.

ஆகவே, சாதனத்தின் ஒப்புதல் சான்றிதழை நீங்களே வாங்கிப் படியுங்கள். லாக்புக்கில் தரை நேரத்தைத் தனிப் பத்தியில் எழுதிப் பக்கத்துக்குப் பக்கம் கூட்டி வையுங்கள். எழுத்துத் தேர்வும் மொத்தம் 50 மணி நேர நெடுந்தூரப் பறத்தலும் எனக்குச் சிக்கலில்லாமல் முடிந்தன.

மிச்சம் இரண்டரை மணி நேரத்தைக் வெளியே தெரியாமல் மறைக்கும் கண்மறைப்புடன் விமானத்தில் பறந்து முடித்தேன். அதிலும் ஓர் அவமானம். ஐஎல்எஸ், அதாவது ரேடியோ அலையால் ஓடுதளத்துக்கு வழிகாட்டும் அமைப்பு, அதை வைத்து இறங்கும் அணுகுமுறையில் வழிகாட்டும் கருவியின் முள் நட்டநடுவே ஆடாமல் நின்றது. பெருமையோடு இறங்கிக்கொண்டிருந்தேன். பயிற்றுநர் அமைதியாக, "முள் உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்டார். அலைவரிசையில் ஓர் இலக்கம் தவறு. சமிக்ஞையே வராததால்தான் முள் அசையவில்லை. பக்கத்திலேயே சமிக்ஞை இல்லை என்று எச்சரிக்கும் சிவப்புக் கொடி வேறு தெரிந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து நிலையம் தன் பெயரை ஒலியாக அனுப்பும் மோர்ஸ் அடையாளத்தைக் காதால் கேட்காமல் எந்த முள்ளையும் நம்புவதில்லை.

இரண்டாம் முறை தேர்வாளர் லாக்புக்கை அரை நிமிடத்தில் மூடிவிட்டார். மேலே போனதும் விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானத்தையும் திசைகாட்டும் கைரோ கருவியையும் மூடி, வலப்பக்கம் 90 டிகிரி திரும்பச் சொன்னார். காந்தத் திசைகாட்டி திருப்பத்தில் தள்ளாடும். அதைத் துரத்தினால் தலை சுற்றிப் போகும். நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டேன். விநாடிக்கு 3 டிகிரி, 30 விநாடி. சிறகுகளைச் சமன் செய்து நிதானித்தபோது பிழை 5 டிகிரிக்குள் இருந்தது. அவர் "ம்" என்றார். அந்த ஒற்றை 'ம்'முக்காக இன்னொரு முறைகூடத் தேர்வு எழுதலாம். (வேண்டாம், எழுத மாட்டேன்.)

கடைசி அணுகுமுறையில் 200 அடியில் கண்மறைப்பை எடுக்கச் சொன்னார். ஓடுதள விளக்குகள் நேர் எதிரே, சற்றே இடப்பக்கம்.

பள்ளிக்குத் திரும்பிச் சான்றை நீட்டியபோது அதே அலுவலர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைப் போன தடவையே முடித்திருக்கலாமே?" என்றார்.