மொட்டை மலையில் பிறந்த பிள்ளை

2024 மே 26

நேற்றிலிருந்து கிரேட் வெஸ்டர்ன் மலை கண்ணில் படவில்லை. மழை பிடித்துக்கொண்டது. தலவாக்கலை டவுனில் பஸ்ஸுக்கு நின்றபோது, உயர்தரத்தில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த சேரைக் கண்டேன். வீட்டுக்குக் கூட்டிப்போய் அலுமாரியிலிருந்து மூன்று தடித்த புத்தகங்களை எடுத்து, நனையாதபடி சொப்பிங் பைக்குள் வைத்துத் தந்தார். டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்', டி. எஸ். சொக்கலிங்கத்தின் தமிழில்.

இரண்டு தடவை தொடங்கி இரண்டு தடவையும் அறுபது பக்கத்தோடு விட்டவள் நான் என்று சொன்னேன். "இந்த முறை வேலைக்குப் போற மாதிரி வாசிங்க டீச்சர். ஒவ்வொரு நாளும் கொஞ்சம். மனசில்லாத நாளும் கொஞ்சம்" என்றார்.

மொத்தம் 361 அத்தியாயங்கள். நாளுக்கு இரண்டு என்றால் ஆறு மாதம்.

2024 ஜூன் 4

பெயர்கள்தான் பெரிய தொல்லை. 1805 ஜூலையில் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு சீமாட்டி வீட்டு விருந்தோடு கதை தொடங்குகிறது. வாசலில் வண்டி வண்டியாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். ஒரே ஆளுக்கு நாலு பெயர். பியேர் என்பவனே பியோத்தர் கிரிலோவிச், அவனே பெசுகோவ். சீ. ஆர். கொப்பி ஒன்றை எடுத்து, யார் மகன், யார் மனைவி என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். நடுப்பெயர் தகப்பன் பெயர் என்று பிடிபட்ட பிறகு கொஞ்சம் லேசாகிவிட்டது. நமக்கும் தகப்பன் பெயர் முன்னால் வருகிறதுதானே.

2024 ஜூன் 16

இன்றிலிருந்து சத்தமாக வாசிக்கிறேன். காரணம் அம்மா. முழங்காலுக்கு சித்தாலேப தேய்த்துக்கொண்டு இஸ்தோப்பில் இருந்தவர், "என்ன புள்ள, வாய்க்குள்ளயே முனகிக்கிட்டு இருக்க? எனக்கும் கேக்கிற மாதிரிதான் படியேன்" என்றார். நூல் தமிழ் அம்மாவுக்கு ஒத்துவராது என்று நினைத்தேன். அதனால் ஒரு அத்தியாயத்தை நான் வாசித்து, பிறகு எங்கள் பேச்சில் சொல்கிறேன்.

பியேரின் நண்பன் அந்திரேயின் தகப்பன் கிழட்டு இளவரசர் வரும் இடம் அம்மாவுக்கு உடனே பிடித்துவிட்டது. மணி பார்த்து எழும்பி, மணி பார்த்துச் சாப்பிட்டு, மகளுக்குக் கேத்திரகணிதம் சொல்லிக்கொடுத்து அவளை அழவைக்கிற மனுசன். "பெரிய தொரை" என்று அம்மா பெயர் வைத்துவிட்டார். "காலையில பேர் போடுற பெரட்டுக்கு அஞ்சு நிமிசம் பிந்தினா வெரட்டி விடுவாரே, அந்த மாதிரி ஆளு." பியேர் கண்ணாடிக்காரன். அந்திரேய் கட்டை எளவரசன். என் கொப்பியில் அடைப்புக்குறிக்குள் இந்தப் பெயர்களையும் எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்கும் ஆட்கள் குழம்பவில்லை.

பெரிய துரையின் பண்ணைக்குப் பெயர் லீஸியே கோரி. ரஷ்ய மொழியில் மொட்டை மலைகள் என்று பொருள். சொன்னதும் அம்மா, "கவ்வாத்து வெட்டுன மலையா இருக்கும்" என்றார். தேயிலைச் செடிகள் திரும்பத் துளிர்க்கும்படி கிளைகளை வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து.

2024 ஜூலை 4

நிக்கோலாய் ரொஸ்தோவ் என்ற பொடியனுக்கு முதல் சண்டை. பிரெஞ்சுக்காரர்கள் தன்னை நோக்கி ஓடிவருவதைப் பார்க்கிறான். இவர்கள் என்னையா கொல்ல வருகிறார்கள், எல்லோருக்கும் என்மேல் இவ்வளவு பிரியமாயிற்றே என்று யோசிக்கிறான். அவன் வீட்டில் தாயும் தங்கையும் அவனை எப்படித் தாங்கினார்கள் என்று நூறு பக்கமாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். அந்த ஒரு வரியில் அத்தனையும் திரும்பி வந்தது.

நேற்று ராத்திரி மொட்டை மலையில் பிள்ளை பிறந்தது. மார்ச் மாதம், பனிப்புயல். சரியாகப் பூட்டாத ஜன்னல் காற்றில் திறந்துகொள்ள, பனி அறைக்குள் வந்து விழுகிறது. செத்துப்போனான் என்று நினைத்திருந்த அந்திரேய் அந்த ராத்திரியே வந்து சேர்கிறான். மனைவி பிரசவத்தில் இறந்துவிடுகிறாள். பிள்ளை தப்பிவிடுகிறது. "புள்ளைய யாரு பாப்பா?" என்று மட்டும் அம்மா கேட்டார்.

2024 ஜூலை 18

ஓக் மரம் வந்துவிட்டது. இந்தப் பகுதியை முன்பே ஒரு கட்டுரையில் மேற்கோளாக வாசித்திருக்கிறேன். நல்ல வர்ணனை என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டியவள்தான்.

1809 வசந்தம். அந்திரேய் காட்டுவழியே வண்டியில் போகிறான். சுற்றிலும் பேர்ச் மரங்கள் துளிர்த்திருக்க, ஒரு கிழட்டு ஓக் மட்டும் பட்டை வெடித்து, கிளை ஒடிந்து, வசந்தமாவது மண்ணாவது என்று நிற்கிறது. நானும் இப்படித்தான், எனக்கு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறான். போன இடத்தில் ஒரு ராத்திரி, மேல்மாடி ஜன்னலில் நத்தாஷா என்ற பெண் நிலவைப் பார்த்து, தூங்க மனமில்லாமல் பேசிக்கொண்டிருப்பது காதில் விழுகிறது. ஜூனில் அதே வழியே திரும்புகிறான். அந்த மரத்தைத் தேடுகிறான். பார்த்துக்கொண்டே இருந்தும் அதுதான் என்று தெரியவில்லை, அவ்வளவு இலை. முப்பத்தொரு வயதில் வாழ்க்கை முடிந்துவிடாது என்று அவனுக்கே தோன்றுகிறது.

நூறு அத்தியாயம் கடந்து வந்து பார்த்தால் இது வேறு மரம். அவுஸ்தர்லித்ஸ் களத்தில் அடிபட்டு மல்லாக்கக் கிடந்து அவன் பார்த்த வானம் எனக்குத் தெரியும். செத்த மனைவியின் முகம் தெரியும். இடையில் நான் கொட்டாவி விட்டு வாசித்த இராணுவச் சங்கதிகளும் ஃப்ரீமேசன் என்ற இரகசியச் சங்கத்தின் சடங்குகளும் அந்த நாலு வருடத்தை எனக்குள் ஓட்டியிருக்கின்றன. சுருக்கிப் போட்ட பதிப்பில் மரம் இருக்கும், நாலு வருடம் இருக்காது. கஷ்டமான பக்கங்களைத் தாண்டினால் நல்ல பக்கம் கிடைக்கும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அந்தக் கஷ்டமான பக்கங்கள்தான் இந்த மரத்துக்கு வேர் விட்டிருக்கின்றன.

முப்பத்தொரு வயது என்று வாசித்தபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்பா இறந்தபோது அம்மாவுக்கு முப்பத்தொன்று. இன்று காலை ரொட்டி தட்டிக்கொண்டே தானாகச் சொன்னார்: "அந்த வருசம் மூணாம் நம்பர் மலையில கவ்வாத்து. கொழுந்து இல்ல. பாதி நாள் அரைப் பேருதான் போட்டாங்க. வெட்டுன மலையப் பாத்துக்கிட்டே வேலைக்குப் போவேன்." அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். அந்த வருடத்தைப் பற்றி அம்மா என்னிடம் பேசியதே கிடையாது.

2024 ஆகஸ்ட் 14

நத்தாஷாவின் மேல் அப்படி ஒரு கோபம். அந்திரேயிடம் சம்மதம் சொல்லிவிட்டு அந்த வீணாய்ப்போன அனத்தோலுடன் ஓடிப்போகப் பார்க்கிறாள். புத்தகத்தை மூடிவிட்டேன்.

2024 ஆகஸ்ட் 23

ஒன்பது நாள். அம்மா தினமும் கேட்டார், நான் தினமும் வேலை இருக்கிறது என்றேன். இன்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "அந்தப் புள்ள மேல என்ன தப்பு? ஒரு வருசம் கழிச்சுக் கட்டிக்கன்னு சொன்னானே பெரிய தொரை, அவனப் போய்க் கேளு." சரிதான். திரும்பத் திறந்தேன்.

2024 செப்டம்பர் 25

போரோதினோ யுத்தம், 1812. இருபது அத்தியாயங்களுக்கு மேல். இதுதான் எனக்கு மிகக் கஷ்டமான பகுதி. எந்த மேடு எந்தப் பக்கம் என்று கொப்பியில் வரைபடம் போட்டுப் பார்த்தும் தலை சுற்றியது. வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு பியேர் பீரங்கிகளுக்கு நடுவே வேடிக்கை பார்க்கப் போகும் இடத்தில்தான் பிடி கிடைத்தது. அவனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நெப்போலியன் உட்கார்ந்து உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கிறான். போய்ச் சேருவதற்குள் களம் மாறிவிடுகிறது. ஆக, அங்கே யாருக்குமே விளங்கவில்லை. என் குழப்பத்தையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார் போல.

இதை எழுதுவதற்காக டால்ஸ்டாய் 1867-ல் போரோதினோவுக்கே போய் அந்த மண்ணைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். அதே 1867-ல்தான் இங்கே மலையகத்தில், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார்.

2024 ஒக்டோபர் 20

பியேர் பிரெஞ்சுக்காரரிடம் கைதி. ஆட்களைச் சுட்டுக் கொல்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் இடிந்துபோய்க் கொட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். இருட்டில் பிளாத்தோன் கரத்தாயெவ் என்ற குடியானவச் சிப்பாய் அவனுக்குச் சுட்ட உருளைக்கிழங்கு கொடுக்கிறான். அதையும் சும்மா கொடுப்பதில்லை. உள்ளங்கையில் வைத்துக் கத்தியால் இரண்டாக வெட்டி, துணி முடிச்சிலிருந்து உப்பு எடுத்துத் தூவி, இப்படிச் சாப்பிடு என்கிறான். இதைவிட ருசியானதைத் தின்றதே இல்லை என்று பியேருக்குத் தோன்றுகிறது. நாட்டிலேயே பெரும் பணக்காரர்களில் ஒருவன் அவன்.

அம்மா எழுந்து போய் இரண்டு வெலிமடைக் கிழங்கை அடுப்புச் சாம்பலுக்குள் தள்ளிவிட்டு வந்தார். தோல் கருகி, உள்ளே மாவாக வெந்து, விரல் சுட்டது. உப்பு மட்டும்தான். அடுத்த அத்தியாயத்தை நாங்கள் இன்று வாசிக்கவில்லை.

2024 நவம்பர் 17

முதல் பின்னுரை முடிந்தது. 1820 டிசம்பர். எல்லோரும் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, பருத்து, வீட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் பதினைந்து வயதுப் பையன் நிக்கோலென்கா ஒரு கனவு கண்டு விழித்து, செத்துப்போன அப்பாவை நினைத்துக்கொள்கிறான். அவரே மெச்சும்படி ஏதாவது செய்வேன் என்கிறான்.

யார் இவன் என்று அம்மாவுக்கு ஞாபகப்படுத்த வாயெடுத்தேன். "தெரியும் புள்ள. ஜன்னல் தொறந்துக்கிட்டு பனி வந்துச்சே, அன்னிக்கு ராத்திரி பொறந்தவன்தானே. இம்புட்டுப் பெருசா வளந்துட்டானா" என்றார். நான்கு மாதத்துக்கு முன் ஒரே ஒரு தடவை சொன்னது. பக்கத்துக் காம்பிராப் பிள்ளை வளர்ந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

2024 நவம்பர் 24

இரண்டாம் பின்னுரையில் கதையே இல்லை. பன்னிரண்டு அத்தியாயங்களும் தத்துவம். பலர் விட்டுவிடும் பகுதி இது. அம்மாவுக்குச் சொல்லவும் முடியவில்லை. தனியாக வாசித்தேன், ஒரு பந்தியை மூன்று நான்கு தடவை. சரித்திரத்தை நகர்த்துவது எது, நெப்போலியனின் உத்தரவா, பெயர் தெரியாத லட்சம் பேரின் கால்களா என்று விடாமல் கேட்கிறார். மே மாதத்தில் இதைத் திறந்திருந்தால் ஒரு பக்கம் தாண்டியிருக்க மாட்டேன்.

அவருடைய கதை 1820-ல் முடிகிறது. 1823-ல் கம்பளைப் பக்கம் சின்னப்பிட்டியவில் கோப்பித் தோட்டம் போட்ட ஜோர்ஜ் பேர்டிலிருந்து எங்கள் தோட்டத்து மக்களின் கதையைத் தொடங்குவது வழக்கம். இந்த நாவல் முழுசாக வெளிவந்த 1869-லேயே இங்கே கோப்பி இலையில் நோய் கண்டது. பிறகு தேயிலை, டெய்லர். பேர்ட், டெய்லர் என்று பிள்ளைகளுக்கு நானும்தான் எழுதிப்போடுகிறேன். மன்னாரிலிருந்து காடு வழியே நடந்து, பாதையிலேயே விழுந்தவர்களும் போக, மலைக்கு வந்து சேர்ந்து அந்த 19 ஏக்கரிலும் குழி வெட்டியவர்கள் யார்?

ராத்திரி சாப்பிட்ட பிறகு கொப்பியை எடுத்தேன். ரஷ்யப் பெயர்கள் இருபத்திரண்டு பக்கம். அடுத்த பக்கத்தைப் புரட்டி, "ஒங்க நெரையில யார் யாரும்மா கொழுந்து எடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"எந்த வருசம்?"

"அந்த மூணாம் நம்பர் மலை வருசம்."

அம்மா விரல் விட்டு எண்ணிப் பதினொரு பேரைச் சொன்னார். ஒவ்வொருத்திக்கும் தகப்பன் பெயரையும் சேர்த்து.